கடை முகவரி கொடுக்காதவள்

போன வாரம் தலவாக்கலையில் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினைந்து பேரை வேன் பிடித்துக் கூட்டிப் போனார்கள். மத்தியானம் கோழிக்கறியோடு சோற்றுப் பார்சலும் தந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. மேடையில் பேசிய அம்மா கொழும்பிலிருந்து வந்தவர். நல்ல மனுஷிதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் கனவுகள் உடையும் என்றும், உடைந்த இடத்தில்தான் தைரியம் பிறக்கும் என்றும், அதற்கு மலையகப் பெண்களே சாட்சி என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்து, “நீயும் தட்டேன்டி, மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்க?” என்றாள்.

நான் தட்டவில்லை. கனவு என்ன மண்சட்டியா, கை தவறி விழுந்து தானாக உடைய? என் கனவை ஒரு மனிதர் கையில் வாங்கினார். மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். பிறகு சாப்பிடப் போனார். நடந்தது இவ்வளவுதான். யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ‘உடைந்தது’ என்று ஒரு சொல்லில் சொல்லி முடித்தால் எனக்கு வயிறு எரிகிறது. வேனில் திரும்பி வரும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் பெண் பிள்ளை நான். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். எனக்கு டீச்சராக வேண்டும். அது திடீரென்று வந்த ஆசை இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் ஆசிரியர் குறைவு. ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே, “நீ போயி ரெண்டாம் வகுப்பப் பாத்துக்க” என்று அனுப்பிவிடுவார்கள். கையில் சோக்குத் துண்டோடு அந்தச் சின்னதுகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. நல்லாகவும் படிப்பித்தேன். என்னிடம் வாய்ப்பாடு படித்தவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சி தரும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நாள் வந்தது. நான் எடுத்த புள்ளிக்கு இடம் கிடைக்கும் என்று அதிபரே சொன்னார். படிவத்தை நிரப்பிக்கொண்டு இருந்தபோது, ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் பேனை நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“நானா கட அட்ரஸப் போடும்மா,” என்றார்.

இதை வெளியாட்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு வரும் கடிதம் வீட்டுக்கு வராது. டவுன் தபால் கந்தோரில் தோட்டத்துக்கென்று ஒரு பை இருக்கும். தோட்டத்து ஆள் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஆபீசில் பெரிய கிளாக்கரின் மேசையில் வைப்பார். தோட்டத்து மேனேஜரான தொரைக்கு வந்தது தொரைக்கு உடனே போகும். எங்களுக்கு வந்தது, கிளாக்கருக்கு நேரம் கிடைக்கிறபோது கங்காணி கைக்குப் போகும். கங்காணிக்கு ஞாபகம் வருகிறபோது எங்கள் கைக்கு வரும். நாங்கள் பிறந்து வளர்ந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரு நம்பர் கூடக் கிடையாது. கோழிக்கூட்டுக்கும் எங்கள் லயத்துக்கும் தபால் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. நோர்வூட் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் சாமான் கடை. முக்கியமான காரியம் என்றால் அந்தக் கடையின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். கடிதம் வந்தால் அவர் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் தட்டில் பத்திரமாக வைப்பார். கடைக்கு வருகிற யாரிடமாவது, “ஒங்கட தோட்டத்துப் புள்ளக்கி கடுதாசி வந்திரிக்கி, வரச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்புவார். காகிதத்தை நம்பினால், அந்த ஒற்றைக் கடைக்குள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் குடியிருந்தார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பத்தொன்பது வயது, படித்த திமிர், வேறென்ன. “நாம என்ன கடையிலயாப்பா குடியிருக்கோம்? நிரந்தர முகவரின்னு கேட்டிருக்கான். நம்ம தாத்தா காலத்துலருந்து இந்த லயத்துலதானே இருக்கோம்? இதவிட என்னா நிரந்தரம் வேணும்?” என்றேன். அப்பா, “சொன்னாக் கேளு” என்று ஒரு தடவை சொன்னார். நான் தோட்டத்தின் பெயரை, கீழ்ப்பிரிவு என்று சேர்த்து, முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். இன்றைக்கும் என்னால் அதைத் தப்பு என்று முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. இருக்கிற இடத்தை இருக்கிற இடம் என்று எழுதினேன். எங்கள் ஆட்களில் ஒருத்தி செய்யக்கூடாத மடத்தனம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு நீளக் கவரை எடுத்தார். மழையில் நனைந்துவிடக்கூடாது என்று சேலைத் தலைப்பில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

“கங்காணி குடுத்தாரு. ஒனக்கு என்னமோ தபாலாம்.”

பிரித்துப் படித்தேன். கல்வியியற் கல்லூரி நேர்முகத் தேர்வு. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மூலச் சான்றிதழ்களோடு வரவும் என்று இருந்தது. வியாழக்கிழமை என்றால் வரப்போகிற வியாழன் இல்லை. போன வியாழன். கவரைத் திருப்பினேன். நோர்வூட் தபால் கந்தோர் முத்திரை தெளிவாக இருந்தது. கடிதம் டவுனுக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. டவுனிலிருந்து எங்கள் லயத்துக்கு நடந்து வந்தால் முக்கால் மணி நேரம்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல சேதியா?” என்று கேட்டார். அந்தக் கவரை நனையாமல் கொண்டுவந்த அந்த மனுஷிக்கு நான் என்னவென்று சொல்ல?

அடுத்த நாள் அப்பாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். எங்களை உள்ளே விட மாட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். பெரிய கிளாக்கர் எங்கள் ஆள்தான், தமிழ்தான் பேசுகிறவர். அதுதான் இன்னும் எரிச்சல்.

“நான் என்னா ஒங்க வீட்டுத் தபால்காரனா?” என்றார். “எனக்கு இங்க ஆயிரம் வேல. முக்கியமான தபால்னா கட அட்ரஸ் குடுக்கத் தெரியாதா? உயர்தரம் படிச்ச புள்ளைன்னு சொல்றீங்க.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த மனிதரிடம் நாளைக்கும் மறுநாளும் அப்பாவுக்குக் காரியம் ஆக வேண்டும். லோன் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாவற்றுக்கும் அதே ஜன்னல்தான். நான் பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாமல் வந்ததை நினைத்து நான் என்னையே திட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

புதன்கிழமை அப்பா லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, என்னைக் கல்லூரிக்கே கூட்டிப் போனார். அங்கே இருந்த ஒரு அதிகாரி சிங்களத்தில் பொறுமையாகத்தான் பேசினார். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது, காரணத்தை எழுதி மேன்முறையீடு அனுப்புங்கள், மேலிடம் பார்த்துச் சொல்லும் என்றார். திரும்பி வரும் வழியில் நோர்வூட்டில் இறங்கி, நானா கடையில் ஒரு சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்து அந்த மேன்முறையீட்டை எழுதினேன். நானா தாளும் கவரும் தந்து, “இந்த முற நம்மட அட்ரஸப் போடுங்க மகள்” என்றார். கடிதத்தின் தலைப்பில் கடை முகவரியைப் போட்டேன். எழுதும்போது கை கூசியது.

அதற்குப் பிறகு வாரா வாரம் கடைக்குப் போவேன். நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே அவர் தலையை ஆட்டிவிடுவார். “இன்னும் வரல்ல மகள். வந்தா வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ற?” என்பார். இரண்டு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். பதிலே இல்லை. புதிய வகுப்புத் தொடங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்குப் பதில் எழுத அவர்களுக்கு என்ன கேடு என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அப்பா அதற்கு முன்பு யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்று, ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ என்று ஒரு தடவைகூட அவர் என்னிடம் சொல்லவில்லை.

நான் தோட்டத்தில் பேர் பதிந்தேன். பேர் எழுதியவர் அதே கிளாக்கர். “படிச்ச புள்ள, கொழுந்து எடுக்கத் தெரியுமா?” என்று சிரித்தார். தெரியாதுதான். முதல் வாரம் அட்டைக்கடியிலும் மழையிலும் கூடையின் பாரத்திலும் செத்துப் பிழைத்தேன். பிறகு பழகிவிட்டது. கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் ஆனார்கள், அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா வேலையிலிருந்து நின்று என்னோடு இருக்கிறார். மேடையில் சொன்ன அந்தத் தைரியம் எந்தத் தேதியில் பிறந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விடிந்தால் எழும்ப வேண்டியிருந்தது, எழும்பினேன்.

ஒரு வேலை மட்டும் விடாமல் செய்தேன். பின்னேரத்தில் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கணக்கும் சிங்களமும் சொல்லிக்கொடுத்தேன். யாருக்குப் படிவம் வந்தாலும் நானே நிரப்பிக் கொடுப்பேன். ‘நிரந்தர முகவரி’ என்ற இடம் வந்ததும் கேள்வியே கேட்காமல் கடை முகவரியை எழுதுவேன். எழுதிவிட்டு, அன்று முழுவதும் யார் பேசினாலும் எரிந்து விழுவேன்.

பதினேழு வருடம் ஓடியது. பெரிய கிளாக்கர் பென்சன் வாங்கிக்கொண்டு எங்கோ மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குக் கினிகத்தேனையிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள். தமிழ் கொஞ்சம் உடைத்துப் பேசுவாள், மரியாதை தெரிந்தவள். போன மாதம் ஆபீசுக்குச் சாயம் அடிக்கிறதற்காக அலுமாரியையும் பழைய மேசையையும் நகர்த்தினார்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு நான் வரும்போது அவள் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். அவள் கையில் ரப்பர் நாடா போட்ட கட்டு ஒன்று இருந்தது.

“அக்கா, இது எல்லாம் ஒங்க ஆளுங்களுக்கு வந்ததுதானே? கீழ் லாச்சியில இருந்தது. ஏன் குடுக்கல்ல?” என்று கேட்டாள்.

என்னைக் கேட்டால்? வாங்கிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. திருட்டு இல்லை, பகை இல்லை. கொடுக்க மறந்தார், பிறகு கொடுத்தால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார்களே என்று அப்படியே வைத்துவிட்டார். இதைவிடப் பகையென்றே இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் ஒரு பகைக்குக்கூட ஆளாகவில்லை.

பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் என் பெயரும் இருந்தது.

ஆபீசுக்குக் கீழே பாதை திரும்பும் இடத்தில் நின்று பிரித்தேன். கல்லூரியிலிருந்து வந்த கடிதம். உங்கள் மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, இறுதிச் சந்தர்ப்பமாக இந்தத் திகதியில் நேர்முகத் தேர்வுக்கு வரவும் என்று நாலே வரி. நான் கடிதத் தலைப்பில் கடை முகவரி எழுதியிருந்தாலும், அவர்கள் என் விண்ணப்பத்தில் இருந்த நிரந்தர முகவரிக்கே பதில் போட்டிருக்கிறார்கள். நான் வாரா வாரம் கடை வாசலில் போய் நின்ற அந்த மாதங்களில் கடிதம் என் தலைக்கு மேலே, இந்த ஆபீசுக்குள் இருந்திருக்கிறது. கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்று, இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லி ஏசினேன். கேட்க ஒருவரும் இல்லை.

அன்றைக்கே போய்க் கடிதங்களைக் கொடுத்துவிடலாம் என்று மேல் லயத்தில் ஆரம்பித்தேன். முதல் வீட்டில் ஒரு அக்கா. அவள் புருசன் இறந்து எத்தனையோ வருடம். அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நெஞ்சு ஆபரேசனுக்குத் திகதி கொடுத்து வந்த கடிதம் அது. நான் வாசித்துச் சொன்னேன். அவள் திகதியை மட்டும் திரும்பக் கேட்டாள். விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள்.

“அன்னைக்கு அவரு நல்லாத்தான்டி இருந்தாரு,” என்றாள். “அதுக்கப்புறம் ஒரு மாசம் இருந்தாரே.”

அதற்கு மேல் அடுத்த கதவை நான் தட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இதைக் கேட்டு, தனித்தனியாக அழுது, தலையெழுத்து என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம். அவளிடம், “அக்கா, காலையில பெரட்டுக்கு நீயும் வா” என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெரட்டுக்களத்தில் காலையில் எல்லோரும் கூடுவோம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெயர் வாசிப்பார், ஆள் “வந்திருக்கேன்” என்று குரல் கொடுக்கும், பிறகு எந்த மலைக்குப் போவது என்று பிரிப்பார். அன்றைக்கு அவர் செக்ரோல் பெயர்ப் பதிவேட்டை விரிப்பதற்கு முன்னால் நான் படியில் ஏறி நின்றேன்.

“என்னாம்மா இது, வேல நேரத்துல?” என்றார்.

“நீங்க தெனமும் வாசிக்கிறீங்கதானே ஐயா. இன்னைக்கு நான் கொஞ்சம் வாசிக்கிறேன்.”

கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பெயர், கவரில் இருந்த முத்திரைத் திகதி. உள்ளே என்ன என்பதை உரியவர் பிரித்துத் தந்தால் வாசித்தேன். முதல் ஆள் பழக்கதோசத்தில் “வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் முன்னால் வந்தார். அவருக்குத் தபால் கந்தோரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்தது அடையாள அட்டைக்கு. அடுத்தது கல்யாணக் கார்டு, அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று இரண்டு குடும்பம் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இறந்துபோனவர் பெயரை வாசித்தபோது, “அவருக்கு நான் வந்திருக்கேன்” என்று அந்த அக்கா சொன்னாள். பிறகு என் பெயரை வாசித்தேன். குரல் கொடுக்க வேண்டிய ஆளும் நான்தானே. “வந்திருக்கேன்” என்றேன். அந்த நாலு வரியையும் சத்தமாக வாசித்தேன். என்னிடம் வாய்ப்பாடு படித்தவர்கள் பாதிப் பேர் கூடையோடு கீழே நின்றார்கள்.

தொரையின் ஜீப் வந்தது. இளம் ஆள், இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. விசயத்தைக் கேட்டுவிட்டு, “இது எனக்கு முன்னால நடந்தது. லெட்டர் எல்லாத்தையும் ஆபீசுல குடுங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்” என்றார்.

“ஆபீசுல குடுத்தா எங்களுக்கு மறுபடியும் எப்ப வரும், தொரை?” என்று கேட்டேன்.

பின்னால் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தொரைக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று பத்து மணி வரைக்கும் யாரும் மலைக்கு ஏறவில்லை. பத்து மணிக்கு அவர் இறங்கி வந்தார். இனிமேல் தபால் பை வந்த அன்றைக்கே அந்தப் புதிய பிள்ளை பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பாள் என்று எழுதித் தந்தார். அவள் இன்றுவரை அதைச் செய்கிறாள். ஆனால் தபால் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பெரட்டுக்களம் வரைக்கும்தான் வந்திருக்கிறது. இதை வெற்றி என்று யாராவது மைக்கில் சொன்னால் அவர்களுக்கும் நான் கை தட்ட மாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“என்னாம்மா தபாலு?” என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன். காது மந்தம், சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப ஒன்னைய வேணாம்னு அவங்க சொல்லலையா?”

“இல்லப்பா. வரச் சொல்லியிருக்காங்க.”

“அந்தக் காலேஜி வாசலத் தாண்டி பஸ்ஸு போறப்பெல்லாம் நான் மொகத்தத் திருப்பிக்கிவேன்ம்மா. நம்ம புள்ளைய வேணாம்னு சொன்ன எடம்னு. பதினேழு வருசமா அவங்களத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த வரச் சொன்ன எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசி” என்றார்.

வாசித்தேன்.